மேசைக்கு வந்த மலைநாட்டு ஒயின்

சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனோடு நெய்வேலிக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் குறிஞ்சிப்பாடியில் இருந்து என் தம்பியையும் கூப்பிட்டேன். தாய்மாமன் இல்லாமல் கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது?

தம்பி குடியை விட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். இனி ஒரு வாய் உள்ளே போனாலும் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆட்டுக்கறிக் குழம்பும் பலாக்காய் வறுவலும் மேசைக்கு வந்தன. எல்லாரும் உட்கார்ந்ததும் அந்தப் பையன் ஒரு பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தான். கருஞ்சிவப்பு. மகளின் முகம் வெளுத்துவிட்டது. அதை அவள் அப்பாவிடம் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தாளாம். அவனுக்கோ தன் வீட்டுப் பொருளைக் காட்டும் ஆசை. உற்சாகமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனான்.

"என்னா சொல்றாரு பாப்பா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லு."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் அவன் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஒரு ரகம் நிறத்துக்கு, இன்னொன்று வாசனைக்கு. இரண்டையும் கலந்து செய்த ஒயின். உப்புப் போட்டு உலர்த்திய கறி, நாள்பட்ட சீஸ், காளான், மான்கறி, இவற்றோடு சாப்பிட நன்றாக இருக்கும்.

தம்பி பாட்டிலைக் கையில் எடுத்தான். என் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அத உள்ள வச்சிடலாம்ப்பா," என்றார் என் கணவர்.

"இருங்க மாமா. ஒயின் ஷாப்பே கதின்னு கெடந்தேன். ஒயினு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கட்டைவிரல் மூடியின் மேல் நின்றது. பிறகு பாட்டிலைப் பையனிடமே நீட்டினான்.

"இந்தப் புள்ளகிட்ட சொல்லு பாப்பா. அவங்க அப்பா செஞ்சது, தப்பா நெனைக்க வேணாம். நான் தொட்டா நிறுத்த மாட்டேன். செத்துருவேன்."

மகள் சொல்லி முடிப்பதற்குள் பையன் எழுந்துவிட்டான். பாட்டிலைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தம்பி குனிந்தபடி சோற்றைப் பிசைந்தான். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டான். அவன் இறங்கும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே ஒயின் ஷாப்.

அவன் போன பிறகு என் கணவர் பாட்டிலைத் திறந்தார். என் தம்பியைத் தின்ற சாமானுக்கு இது என்ன உறவு என்று பார்க்கத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாய் குடித்தேன். குழம்பின் காரத்தோடு நாக்கு எரிந்தது. பலாக்காயைக் கடித்துக்கொண்டு குடித்தபோது துவர்ப்பு அடங்கி, பழ வாசனை வந்தது. காளானோடு குடித்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று பையன் மகிழ்ந்தான். எனக்கு அதற்கு மேல் இறங்கவில்லை.

தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டபோது அவனே கூப்பிட்டான்.

"பஸ்ல ஒரே சத்தம்க்கா. வூட்டுக்கு நடந்துகினு இருக்கேன்."

நாக்கு குழறுகிறதா என்று கேட்பதற்காக எதையெதையோ கேட்டுப் பேச்சை வளர்த்தேன்.

"என்னாக்கா, போன்லயே வாய மோந்து பாக்குறியா?"

"ஆமாண்டா," என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போன் அவன் மனைவியின் கைக்குப் போனது.

"நல்லாத்தான் வந்துருக்காரு அண்ணி," என்றாள் அவள்.