நாட் தள்ளிவிட்ட முப்பத்தெட்டு

மருத்துவமனை நூலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. எல்லோருக்கும் அவர் தேடலக்கா. டாக்டர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள். லட்சக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் பதிவாகியிருக்கும் தரவுத்தளத்திலிருந்து அதற்கு வேண்டியதை மட்டும் அக்கா எடுத்துக் கொடுப்பார். நான் தேடினால் ஒன்று கடல், இல்லையென்றால் பாலைவனம். தேடும் சொற்களை இணைக்க ஆர் (OR - இதுவோ அதுவோ), ஆண்ட் (AND - இரண்டும்), நாட் (NOT - இது வேண்டாம்) என்று மூன்று ஆங்கிலச் சொற்கள் உண்டு.

"ஆர் போட்டா கதவு திறக்கும். ஆண்ட் போட்டா பாதி சாத்தும். நாட்தான் தம்பி பொல்லாதது. யாரை வெளியே தள்ளினோம்னே காட்டாது" என்பார்.

அன்று காலை குழந்தைகள் பிரிவுத் தலைமை டாக்டரின் கேள்வி வந்தது. ஒரு புது வலிப்பு மருந்தைக் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா? மூன்று மணிக் கூட்டத்தில் முடிவாகும். பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகள் வேண்டாமென்று அக்கா ஒரு நாட் போட்டார். பதினொரு பதிவுகள். எதிலும் மருந்தால் கெடுதல் என்று இல்லை.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்வது அவர் வழக்கம். தனக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டுரை ஒன்று பட்டியலில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் போன்.

"ஊருக்கெல்லாம் தேடித் தர்றவளே, என் பைக் சாவி எங்கே?"

"டிவி மேல பாருங்க."

"இல்லையே."

"அப்போ நேத்துப் போட்ட பேண்ட்ல. அழுக்குக் கூடையில கையை விடுங்க, கடிக்காது."

போனை வைப்பதற்குள் டாக்டரின் உதவியாளர் தலைமேல் வந்து நின்றார். சோதிக்காமலே பட்டியல் மேல்மாடிக்குப் போய்விட்டது.

மதியம் சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சோதனையைச் செய்தவர், கரண்டியை அப்படியே வைத்தார். தெரிந்த கட்டுரை வரவில்லை. அது குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்பையும் ஆராய்ந்த கட்டுரை. 'பெரியவர்கள்' என்று கண்டதும் நாட் மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தது.

அந்த நாட் வரியை நீக்கிவிட்டு மறுபடி தேடினார். பெரியவர்களைப் பற்றி மட்டும் பேசியவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்தார். குழந்தைகளைப் பற்றியும் பேசியவை இன்னும் முப்பத்தெட்டு. நான்கில், இரண்டு வயதுக்குக் கீழே கல்லீரல் கெடுகிறது என்றிருந்தது.

மணி மூன்று பத்து. மூட்டுவலிக்கார அக்கா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார். அச்சடித்த தாள்களோடு பின்னால் ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

தலைமை டாக்டர் கையில் பேனா.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. காலையில நான் கொடுத்த பட்டியல் தப்பு."

"டைப்பிங் தப்பாம்மா?"

"தேடினதே தப்பு சார். நான் போட்ட நாட் முப்பத்தெட்டு கட்டுரையை விழுங்கிடுச்சு. இந்த நாலை மட்டும் இப்பவே படிங்க."

ஓர் இளம் டாக்டர் சிரித்தார். "பதினெட்டு வருஷ அனுபவம்னு சொன்னாங்க!"

"அனுபவம் இருந்ததாலதான் டாக்டர் சோதிக்காம அனுப்பினேன். புதுசா வந்தவளா இருந்தா பயந்துக்கிட்டே சரியா செஞ்சிருப்பேன்."

நான்கு தாள்களும் மேசையைச் சுற்றி வந்தன. அந்த வாயாடி டாக்டர்தான் அதிக நேரம் படித்தார். தலைமை டாக்டர் உத்தரவில் ஒரு வரியை அடித்து, 'இரண்டு வயதுக்குக் கீழே கூடாது' என்று எழுதினார்.

அக்கா நகரவில்லை.

"சார், காலையிலேர்ந்து எந்தக் குழந்தைக்காவது கொடுத்தாச்சா?"

"இல்லம்மா. இந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தோம்."

அதைக் கேட்ட பிறகுதான், யாரும் உட்காரச் சொல்லாத ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அக்கா உட்கார்ந்தார்.