விளக்கு வைக்கும் நேரத்தில் சாத்திய கதவு

நான்கு ஆணிகளில் மாட்டிய ஒரு கருநீலப் போர்வை. அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும், முகம் அப்புறம்தான். ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னலில் அண்ணி தானே ஆணி அடித்து, வெயில் உள்ளே வராதபடி போர்வையை மாட்டியிருந்தாள். இரவு வேலைக்குப் போகிறவளுக்குப் பகலில் ஓர் இருட்டு வேண்டுமே. ஆனால் ஜன்னலைத்தான் அவளால் மறைக்க முடிந்தது. வாசல் கதவு அம்மாவின் அதிகாரத்தில் இருந்தது.

அண்ணன் லாரி ஓட்டினான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். உத்தனப்பள்ளியிலிருந்து கல்யாணமாகி வந்த அண்ணி, வந்த ஆறாம் மாதமே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, கொஞ்ச நாளில் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டாள். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். வந்ததும் படுக்க முடியாது. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் பிடித்து வைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மதியச் சமையலை முடிக்க வேண்டும். எல்லாம் முடித்து அவள் பாயை விரிக்கும்போது மணி இரண்டாகிவிடும். ஆறு மணிக்கு அம்மா என்னைப் பார்ப்பாள். நான் போய் அண்ணியை எழுப்புவேன். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் கொடுக்கப்பட்ட ஒரே வேலை அதுதான், அதை நான் ரொம்ப ஒழுங்காகச் செய்தேன்.

எழுப்புவதற்குக் காரணம் மகாலட்சுமி. அந்தி நேரத்தில் அவள் வீடு வீடாக வருவாள், கதவு திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், யாரும் படுத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டிலோ வாசலைத் தாண்டினால் அண்ணியின் பாய்தான். லட்சுமி உள்ளே வருவதென்றால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். பக்கத்திலேயே குடியிருந்த வீட்டுக்காரம்மாவும் எட்டிப் பார்த்து, "முஸ்ஸஞ்ஜெ ஹொத்தல்லி மலகபாரதம்மா" என்பார். அந்தி வேளையில் படுக்கக் கூடாது என்று கன்னடத்திலும் அதேதான். இரண்டு மொழியும் ஒன்றாகச் சேர்ந்து சொன்ன பிறகு தூங்குகிறவள் என்ன செய்வாள்? அண்ணி எழுந்து, கண் திறக்காமலே கொண்டையைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

அம்மா இதற்கு ஒரு கதை வைத்திருந்தாள். பாற்கடலைக் கடைந்தபோது விஷம் வந்தது, அதன் பிறகு வந்தவள் மூத்தவள். காக்கைக் கொடியும் கையில் துடைப்பமுமாக வந்து நின்றாள். தேவர்களில் ஒருவரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் தாமரை மேல் லட்சுமி வந்தாள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். திருமால் பெண் கேட்டபோது, அக்காள் நிற்கும்போது நான் எப்படி மாலை மாற்றுவேன் என்று லட்சுமி கேட்டாள். சரியென்று ஒரு முனிவரைப் பிடித்து மூத்தவளை அவருக்குக் கட்டி வைத்தார்கள். அவர் அவளோடு நாலு நாள் கூட வாழவில்லை. அரச மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. "அப்புறம் அவ எங்க போவா? வெளக்கு வெக்கிற நேரத்துல எந்த ஊட்டுல தூங்கறாங்களோ, அங்க வந்து கூடவே படுத்துக்குவா" என்று அம்மா முடிப்பாள். அண்ணியின் முகத்தைப் பார்த்து மூதேவி என்று அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. கதையைச் சொல்வாள், அது போதும். அண்ணி தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது யோசித்தால் எங்கள் வீட்டின் கோணல் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எங்களுக்கு வந்த லட்சுமி அந்தியில் வாசல் வழியாக வரவில்லை. காலை எட்டு மணிக்கு வேனில் வந்து இறங்கினாள். கண் சிவந்து, கால் வீங்கி, யூனிபார்ம் கோட்டோடு வந்தாள். என் படிப்பும், அம்மாவின் மருந்தும், வீட்டு அரிசியும் அந்த வேனில்தான் வந்தன. அதைச் சாப்பிட்டுவிட்டு, சம்பாதித்தவளை எழுப்பி உட்கார வைத்து, நாங்கள் வேறொருத்திக்கு விளக்கேற்றினோம். பக்தி என்று அதை நினைத்துக்கொண்டேன். எழுப்புவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் நான் அதட்டக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

அது ஒரு ஆடி வெள்ளி. வீடு கழுவி, பித்தளை விளக்கு தேய்த்து, கூழ் ஊற்றி முடித்து அண்ணி படுக்கும்போது நாலரை மணி. ஆறு மணிக்கு நான் போய்த் தோளைத் தொட்டேன். அசையவில்லை. உலுக்கினேன். "பாப்பா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுருடி, தலை சுத்துது" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கையை உதறிவிட்டு, "எந்திரிங்க அண்ணி, அம்மா திட்டும்" என்று சொல்லி, ஜன்னல் போர்வையை இழுத்து விலக்கினேன். வெளிச்சம் நேராக அவள் கண்ணில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை வேனில் அவள் வரவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மேலிருந்து இறங்கி அழுத்தும் இயந்திரத்தில், ஒரு நொடி கண் செருகியதில், வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. கட்டுப் போட்ட கையைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பயத்தில் எனக்கு அழுகை வரவே இல்லை.

நான்கு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்தார். நல்ல மனிதர்தான். எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "பகல்ல நல்லாத் தூங்க முடியுதாம்மா?" என்று கேட்டார். அம்மா காபி டம்ளரோடு நின்றிருந்தாள். நான் சமையல்கட்டு வாசலில் இருந்தேன். அண்ணி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "நல்லாத் தூங்கறேன் சார். எங்க அத்தை ஒரு சத்தம் வர விட மாட்டாங்க" என்றாள். அப்படியானால் கவனக்குறைவு உங்களுடையதுதானா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆமாம் என்றாள் அண்ணி. அம்மா டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் காபி தரையில் சிந்தியது. அவர் போன பிறகு அம்மா அதைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மணி ஆறானது. வலி மாத்திரை போட்டு அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு காமாட்சி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசல் கதவை இழுத்துச் சாத்தி, படியில் உட்கார்ந்து, விளக்கை அங்கேயே ஏற்றினாள். சமையல்கட்டுப் பின்பக்கமாகச் சுற்றிப் போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரம்மா திடுக்கிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்துவதா, வருகிற லட்சுமி திரும்பிப் போய்விட மாட்டாளா என்று கேட்டார்.

"போமாட்டா" என்றாள் அம்மா. "அரச மரத்தடியில உட்டுட்டுப் போன அக்காளை, சனிக்கிழமை தவறாம இந்த லட்சுமியே போயிப் பாக்கறா இல்ல? அப்படிப்பட்டவ, தூங்கற பொண்ணைப் பாத்தா கோவிச்சுக்குவா? வந்தா எங்கூட இந்தப் படியில உக்காந்துட்டுப் போவட்டும்."

கதையின் இந்தக் கடைசிப் பகுதியை அம்மா அதுவரை எங்களுக்குச் சொன்னதே இல்லை. அவளுக்கு அது எப்போதும் தெரிந்திருக்கிறது. தங்கை அக்காளைப் பார்க்கப் போவதை விட்டுவிட்டு, எங்களுக்குப் பயம் வரும் இடத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அன்று முதல், காயம் ஆறி அண்ணி மறுபடி இரவு வேலைக்குப் போய், பல வருடம் கழித்துப் பகல் ஷிப்டுக்கு மாறும் வரை, அந்தியில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மழை நாளில் அம்மா குடையோடு படியில் உட்கார்ந்திருப்பாள். அண்ணியிடம் அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாலரை மணியை, நான் உதறிய கையை, யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. போன மாதம் எனக்குக் குழந்தை பிறந்தபோது, தாய் செய்ய வேண்டியதையெல்லாம் செய்ய அண்ணிதான் லீவு போட்டுவிட்டு வந்தாள். இப்போது நாங்கள் இருப்பது நான்காவது மாடி வீடு. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை இருக்கிறது, ஓர் இழுப்பில் அறை இருண்டுவிடும், ஆணி எதுவும் தேவையில்லை. இரவெல்லாம் பிள்ளை தூங்க விடாமல், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஒரே இருட்டு. மணி ஆறே முக்கால். சட்டென்று எழுந்தேன். பக்கத்தில் பிள்ளை இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. கதவடியில் மட்டும் கோடாக மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

திறந்தேன். வெளியே நடைபாதையில் காமாட்சி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, மடியில் என் பிள்ளையோடு அண்ணி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவளுடைய வலது ஆள்காட்டி விரலை, நுனியில்லாத அந்த விரலை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணி, அன்னைக்கு உங்களைத் தூங்க விடாம எழுப்பினது நான்தான். விட்டுருன்னு சொன்னீங்க" என்றேன்.

"தெரியாதா எனக்கு? கண்ணைத் தொறந்தா உன் மொகந்தானே எதுக்க இருந்துச்சு" என்றாள் அண்ணி. விளக்குத் திரியைச் சற்றே தூண்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போயிப் படு பாப்பா. கதவைச் சாத்திக்கோ, வெளிச்சம் கண்ணுல உழும்."