பாலன் இல்லாத குடில்

கம்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் ஊருக்குள் போகும். கறுத்தவரைச் சிவப்பாக்கு, வழுக்கையில் முடி வை என்பார்கள், வைத்துக் கொடுப்பேன். அந்த வித்தையை எனக்காக ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று ஆசை.

எனக்கென்று இருந்தது கிறிஸ்துமஸ் குடில். வருஷா வருஷம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கட்டுவேன். ஊரெல்லாம் வைக்கோல் கொட்டகை வைக்க, என் மாதாவும் சூசையப்பரும் திராட்சைப் பந்தலுக்கு அடியில் இருப்பார்கள். தீக்குச்சிதான் கல்லுக்கால், நூல்தான் கம்பி, குலைகுலையாகத் தொங்குவது மணத்தக்காளிப் பழம். பாலன் இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராசாக்கள் ஒட்டகத்தில் வர மாட்டார்கள். தீப்பெட்டி அட்டையில் செய்த காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா பக்கத்து வீடுதான். ஒவ்வொரு வருஷமும் வந்து பார்த்துவிட்டு, சாமியையே கேலி பண்ணுகிறாயா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில், எங்கள் பங்குக் கோயிலின் நாள்காட்டி வேலை கடைக்கு வந்தது. அட்டையில் போட ஒரு படமும் கூடவே வந்தது: முழங்காலளவு பனி, ஊசியிலை மரம், குளிரில் நடுங்கும் ஆடுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பத்தில் அந்த மாதிரிப் பனியை எவன் பார்த்தான்? நேரே பங்குச் சாமியாரிடம் போய், நானே ஒரு படம் செய்து தருகிறேன், பிடித்தால் போடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, கமிட்டி பார்க்கட்டும் என்றார்.

அவசர அவசரமாகக் குடிலைக் கட்டினேன். தீவனத் தொட்டியில் பாலனை வைக்கப் போகும்போது நாத்தனார் வாசலில் நின்றார்.

"இருவத்தஞ்சுக்கு முன்னாடி பாலனை வெப்பாகளா? எங்கன கத்துக்கிட்ட இந்தப் பழக்கத்தை?"

பஸ் விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்கலாம். இதில் அவர் சொன்னது நியாயம். பிறப்பு இரவுப் பூசைக்குப் பிறகுதான் பாலனை வைப்போம், அதுவரை தொட்டி காலி. எனக்கே கை கூசியது. பாலனைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். ஆனால் பாலன் இல்லாத படத்தை யார் நாள்காட்டியில் போடுவார்கள்?

சும்மா விடுவேனா? ஜன்னல் வெளிச்சம் குடில் மேல் திரும்பி விழ, எதிரே தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, போனில் படம் எடுத்தேன். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு, நிஜப் பன்னீர் திராட்சை ஒரு கொத்து. ஒரு பழமே ராசாவின் தலைப்பாகையைவிடப் பெரிசு. கடைக் கம்ப்யூட்டரில் பசைத் தடத்தையும் தீக்குச்சி மருந்தையும் அழித்தேன். செம்பின் பளபளப்பில் பந்தலை வரைந்தேன். கடைசியாக, காலித் தொட்டியின் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு வெளிச்சத்தைக் கிளப்பினேன். அது மாதாவின் முகத்தில் பட வேண்டும், பஸ் கண்ணாடியில் பட வேண்டும், அத்தனை மணத்தக்காளியிலும் பட வேண்டும். ஒவ்வொரு பழமாகத் தொட்டுத் தொட்டு வைத்தேன். முடித்து நிமிர்ந்தபோது, நானா செய்தேன் என்று கண் கலங்கிவிட்டது.

கமிட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் படத்தை முதலில் வாங்கினார். யார் தோட்டம் இது, காய் நல்லாப் பிடித்திருக்கிறதே என்றார். மணத்தக்காளி என்றேன். நம்பாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் இன்னொருவர் பாலன் எங்கே என்று பிடித்துக்கொண்டார். நெட்டில் ஒன்றை எடுத்து ஒட்டிவிடு, இல்லாவிட்டால் பழைய படமே இருக்கட்டும் என்றார். சாமியாரும் என்னைத்தான் பார்த்தார்.

"இது நவம்பர்ல எடுத்த படம் சாமி. இன்னும் பெறக்கல."

சாமியார் சிரித்தேவிட்டார். படம் அப்படியே அச்சுக்குப் போனது. புத்தாண்டுப் பூசை முடிந்து வெளியே வந்தால், எல்லார் கையிலும் என் பஸ்! ஊசியிலை மரத்தை ஊரைவிட்டே விரட்டிவிட்டேன். நாத்தனார் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல், நாள்காட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். ஊரே மெச்சியும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் காலையில், பலகாரத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். நாள்காட்டி தாளெல்லாம் கிழிபட்டு இளைத்துப்போய் அடுப்படிச் சுவரில் தொங்கியது. அட்டையில் என் குடில். காலியாக விட்ட தொட்டியில், ஏதோ ஜெபப் படத்திலிருந்து வெட்டியெடுத்த நகமளவுப் பாலன். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். ஓரத்தில் பருக்கை பிதுங்கியிருந்தது.

"வருசம் பூரா காலித் தொட்டியவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ராத்திரி பூசை முடிஞ்சு வந்ததும் மொத வேலை இதான்," என்றார். "நீ வச்ச வெளிச்சத்துல சரியா ஒக்காந்திருச்சு, பாரு."

அவர் பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ராசாக்களே தொங்கிக்கிட்டுத்தான் வாராக. அடுத்த தடவ அந்தப் பஸ்ஸுல எனக்கு ஒரு சீட்டுப் போட்டு வை."

போட்டாச்சு. இந்த வருஷக் குடிலில் ராசாக்கள் தொங்குகிறார்கள், என் நாத்தனார் ஜன்னலோரமாக உட்கார்ந்து வருகிறார்.