பாயசம் வைக்கிற மூலை

கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பூங்கொடிக்கு நன்றாகவே தெரியும். தன்னுடைய கல்லீரல் என்றால். பிறத்தியார் கல்லீரல் என்று வந்துவிட்டால் அது எங்கேயாவது ஊர் சுற்றப் போய்விடும்.

படூர்ப் பக்கத்துப் பிசியோதெரபி கல்லூரி ஒன்றில், முதலாண்டு உடற்கூறியலில் அவள் இரண்டு முறை கவிழ்ந்ததற்கு இதுதான் காரணம். மனப்பாடம் என்றால் புத்தகத்தையே கரைத்துக் குடித்துவிடுவாள். ஆனால் மல்லாந்து கிடக்கும் பிணத்தின் கால்மாட்டில் நிறுத்தி, "மண்ணீரல் எங்கே?" என்று கேட்டால், தன் பீச்சாங்கையை நினைத்துக்கொண்டு பிணத்தின் சோத்துக்கைப் பக்கம் குத்துவாள். முன்னே பின்னே விவகாரம் அதைவிட மோசம். சிறுநீரகம் குடலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால், படத்தில் எல்லாம் ஒரே காகிதத்தில்தானே இருக்கிறது என்று அவளுக்கு நியாயமான சந்தேகம் வரும். இரண்டாம் முறை சாமர்த்தியமாக, மனதில் தோன்றுவதற்கு நேர் எதிராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். அன்றைக்குப் பார்த்துப் பிணத்தைக் குப்புறப் போட்டிருந்தார்கள்.

அவள் அப்பா காசிநாதன், கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாற ஆள் அனுப்புகிறவர். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருக்கும்போதே முகூர்த்த நாள் என்றால் பூங்கொடி வாளியைத் தூக்கிவிடுவாள். பந்தியில் பரிமாறுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. வாளியில் இருப்பதுதான் பெயர். "ஏ சாம்பாரு, இங்க வா." "ரசம் எங்கப்பா போச்சு?" இத்தனை காலம் சாம்பாராகவும் ரசமாகவும் இருந்தாயிற்று, ஒருநாளாவது பூங்கொடி மேடம் ஆகிவிட வேண்டும் என்பது அவள் வெறி. மூன்றாம் முறையும் தவறினால் கூடப் படித்ததுகள் எல்லாம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்விடும். இவளுக்குப் பழைய பெஞ்சு.

காசிநாதன் திட்டவில்லை. "வரலன்னா வுடும்மா. நம்ம வாளி இன்னா ஓடியா போவுது," என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஆறுதலைக் கேட்டதும் அவள் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து பிரித்தாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் கல்யாணம். ஆள் பற்றவில்லை என்று இவளையும் இழுத்துக்கொண்டு போனார். காசிநாதன் பந்தியில் இலைச் சட்டம் கறாரானது. நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம். மேலே இடது மூலையில் உப்பு, ஊறுகாய். மேலே வலப்பக்கம் கூட்டு, பொரியல். கீழே வலது மூலையில் பாயசம். கருமாதிச் சாப்பாட்டுக்கு மட்டும் நுனியைத் திருப்பிப் போடுவார். கல்யாணத்தில் ஓர் இலை அப்படி விழுந்தால் போதும், சம்பந்திச் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அன்றைக்குப் புதிதாக வந்தவள் ஒருத்தி, பருத்த தொந்தியோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இலையை மாற்றிப் போட்டுவிட்டாள். பின்னால் வந்த பூங்கொடி, எதிர்ப்பக்கம் நின்றபடியே அதைத் திருப்பி வைத்து, கீழ்மூலையில் பாயசமும் ஊற்றிவிட்டு நகர்ந்தாள். நாலு எட்டு போனவள் அப்படியே நின்றாள். எதிரே இருப்பவரின் வலது எது என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிருந்தது.

திரும்பி வந்து அந்த இலையை மனதுக்குள் தூக்கி, அவர் தொந்திமேல் ஒட்டிப் பார்த்தாள். அம்சமாகப் பொருந்தியது. ஊறுகாய் இருக்கிற இடத்தில் மண்ணீரல். கூட்டு பொரியல் பக்கம் கல்லீரல். பாயசத்தில் குடல்வால். சிறுநீரகம் இரண்டும் இலைக்கு அடியில், மேசையில் விரித்த காகிதத்தோடு.

"இன்னாம்மா வயித்தையே பாத்துகினு கீற?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல மாமா. உங்க கல்லீரலு கரெக்டா இருக்கு."

அவர் அதற்குப் பிறகு இரண்டாம் பாயசம் கேட்கவில்லை.

தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஜோதிலட்சுமி, காசு கொடுத்தாலும் சிரிக்காத ரகம். பிணம் மல்லாந்துதான் கிடந்தது. பூங்கொடி கால்மாட்டில் நின்று மனதுக்குள் இலையைப் போட்டாள்.

"குடல்வால்?"

பாயசம். தொட்டாள்.

"சிறுநீரகம்?"

"குடலுக்குப் பின்னாடி மேடம். அடியில."

"கல்லீரல்?"

கையை நீட்டியவளுக்கு அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த யோசனை வந்தது. இவர் செத்தவராயிற்றே. செத்தவருக்கு இலையைத் திருப்பியல்லவா போட வேண்டும்? மண்டைக்குள் நுனி இடமிருந்து வலம் போனது. ஊறுகாயும் கூட்டும் இடம் மாறின. அதுவரை சொன்னதும் சரியா என்று தெரியவில்லை. அப்பாவின் வாளி ஓடிப்போகாமல் அவளுக்காகக் காத்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"என்னம்மா, கல்லீரலைக் காணோமா?"

தலையைக் குனிந்தவள் கண்ணில் பிணத்தின் கை பட்டது. மருந்தில் ஊறிச் சுருங்கிய கை. விரல்கள் லேசாக மடங்கி, ஒரு பிடி சோற்றைப் பிசைந்து உருட்டுகிற மாதிரி இருந்தன. மற்றக் கை விரல்கள் விறைத்து நீட்டிக் கிடந்தன. நுனி எந்தப் பக்கம் போனால் என்ன? கருமாதி வீட்டிலும் மனுஷன் அதே கையால்தானே தின்கிறான். இந்த ஆள் எத்தனை பந்தியில் உட்கார்ந்திருப்பார், தன் வாளியிலிருந்துகூட ஒரு கரண்டி வாங்கியிருப்பாரோ என்று நினைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் இவரைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்ட மனுஷன் என்று அன்றுதான் தோன்றியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் கையைத் தொட்டாள். அதே பக்கமாக மேலே போய், விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இங்க மேடம்."

ஜோதிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு தடவை கோட்டை விட்டிருக்கியே. இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"இவரு சோத்துக்கைய பாத்தேன் மேடம்."

மேடம் எதையோ எழுதினார். பூங்கொடி போகாமல் நின்றாள்.

"இவருக்குப் பேரு இன்னா மேடம்?"

ஜோதிலட்சுமி பிணத்தின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்த அட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதில் எண் மட்டும் இருந்தது. திருப்பியும் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார், கொஞ்சம் குரல் இறங்கி. பிறகு, "நீ தேறிட்டே, போ. அடுத்த ஆளை வரச் சொல்லு."

பூங்கொடி துணியை இழுத்து அந்தக் கையை மூடினாள். "வரேண்ணா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.