வரிசைப்படி படித்த பாவோகுன்

சீனாவின் தோங்குவான் நகரில் தகடு வெட்டும் ஆலையின் வாசலுக்கு நேர் எதிரே என் அரிசி நூடுல்ஸ் கடை. வலது கையில் மூன்று விரல்கள் போன பிறகு, அந்த ஆலைத் தொழிலாளி பாவோகுன் இடது கையால் குச்சி பிடித்துச் சாப்பிடப் பழகியது என் மேசையில்தான். மனிதர் அழவில்லை. ஆலை நஷ்டஈடு தராது என்று தெரிந்ததும், "நானே சட்டம் படிச்சு வாங்கிக் காட்டறேன்" என்றார். வக்கீல் வைக்க அவருக்கு வக்கில்லை.

இது காதில் விழுந்ததும் மேலாளர் ஓயாங் ஓடி வந்தார். வாசலில் காவல் வேலை கொடுத்தார். வீட்டிலிருந்தே சட்டப் பட்டம் படிப்பவர்களுக்கான புத்தகங்களை முழுக் கட்டாக வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தார்.

"சட்டம்னா அஸ்திவாரத்துலேர்ந்து படிக்கணும், பாவோகுன் அண்ணே. நடுவுல தொட்டா ஒண்ணும் புரியாது. முழுசா படிச்சு முடிங்க, அப்புறம் நாம உக்காந்து பேசலாம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஆளின் சிரிப்பே எனக்கு ஆகாது. ஆனால் பாவோகுனுக்கு அந்தப் பேச்சு இனித்தது. பிரஸ் மெஷினில் நின்ற காலத்தில் ஒரு வேலையைக்கூட முன்பின்னாகச் செய்யாதவர் அவர். விரல் போனதும் மெஷின் பழுதால்தான். வரிசை மாறாமல் செய்தால் எதுவும் கைகூடும் என்று நம்பியவரிடம் ஒரு வரிசையைக் கொடுத்தால் விடுவாரா?

முதலில் சட்டத் தத்துவம். பிறகு சட்ட வரலாறு, அரசியலமைப்பு, குற்றவியல். எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிசாக, தொழிலாளர் சட்டம்.

அவர் மனைவி யின்ஹுவா செருப்பு ஆலையில் தையல் வேலை செய்பவள். அவளுக்கு இந்த வரிசை முதல் நாளே பிடிக்கவில்லை.

"அந்தக் கடைசிப் புத்தகத்தை மொதல்ல திறயேன்யா!"

"அஸ்திவாரம் போடாம கூரை வேய்வாங்களா?"

"இங்க வீடா கட்டறோம்? போன விரலுக்குக் காசு கேக்கறோம்!"

நானும் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! சட்டத் தத்துவத் தேர்வில் தேறிவிட்டு எங்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். ஓயாங்கும் வந்து ஒரு கோப்பை குடித்தார். "அடுத்தது வரலாறா? பிரமாதம்!" என்று முதுகில் தட்டினார்.

வசந்த விழா வந்து போனது. மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் அவர் காவலுக்குப் போயிருந்தபோது யின்ஹுவா பொறுமை இழந்து, அடியிலிருந்த புத்தகத்தை உருவிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தவள் பாதியில் நிறுத்தினாள். விபத்து நடந்து ஓராண்டுக்குள் தொழிலாளி விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் விபத்துத் தேதியைக் கேட்டாள். சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

பாவோகுன் விடவில்லை. உரிமை என்றால் என்ன, அரசின் கடமை என்ன, குடிமகன் எதன் அடிப்படையில் கேட்கலாம் என்று கணீரென்று எடுத்துச் சொன்னார். ஒரு சொல் தடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க, அண்ணே," என்றாள் அந்தப் பெண். அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "இவ்வளவு தெரிஞ்ச நீங்க போன மாசமே வந்திருக்கக் கூடாதா? அப்பக்கூட நாள் இருந்துச்சே."

"போன மாசம்," என்றார் பாவோகுன், "நான் அரசியலமைப்புல இருந்தேன்."

யின்ஹுவா சிரித்தாள். அவ்வளவு பேர் முன்னால், வாயைப் பொத்தாமல், நிறுத்தவே முடியாமல் சிரித்தாள். நான்தான் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.