பீரோவுக்குள் நுழையாத மீன் தொட்டி

பள்ளிக்கூடத்துக்கு நிதி கொடுப்பது சுலபம். கொடுத்த பிறகு போய்ப் பார்ப்பதுதான் வேலை.

ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை நெடுங்காலம் கவனித்துவந்தேன். ஓய்வுபெற்றதும் ஒரு சிறிய அறக்கட்டளை கூப்பிட்டது. வகுப்பறையில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு அது சிறு தொகை கொடுக்கும். வட சென்னையில் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை, வாங்கிய பொருள் பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதுவது என் பங்கு. நீங்களும் இப்படி எங்காவது பார்வையிடப் போயிருந்தால் தெரிந்திருக்கும்: முதலில் நாற்காலி வரும், அடுத்து டீ வரும், பொருள் மட்டும் வராது, சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார்.

பாவைகளுக்கு ஓய்வு

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. பாடங்களை நாடகமாக நடத்தக் கைப்பாவைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், கொடுத்திருந்தோம். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். அன்று சாவி இருந்தது. தலைமையாசிரியரே எழுந்து பீரோவைத் திறந்தார். ராஜா, ராணி, நரி, காக்கா எல்லாம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் படுத்திருந்தன. நடுவில் பூச்சி உருண்டைகள்.

“பிள்ளைகள் இதை வைத்து விளையாடவில்லையா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“பசங்க கை பட்டா அழுக்காயிடும் மேடம். அப்புறம் நீங்க வரும்போது எதைக் காட்றது?”

டீச்சரின் யோசனை

அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பு ஆசிரியை ஜெயந்தி, மீன் தொட்டி வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் தொட்டியா? போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார்கள்.

ஜெயந்தி சொன்ன காரணம் ஸ்டெல்லா. அவளுடைய அம்மா துறைமுகத்தில் மீன் விற்கிறவர். விடியற்காலை ஏலத்தில் அம்மாவுக்குக் கூடமாட உதவிவிட்டு, ஸ்டெல்லா அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வருவாள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். முதலில் முதல் பீரியடைத் தவிர்த்தாள். பிறகு நாள் கணக்கில் வரவில்லை. அம்மாவோ, படிப்பு பிடிக்கவில்லை என்றால் இனிமேல் என்கூடவே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். காலை மணி அடித்ததும் மீனுக்குத் தீனி போடும் பொறுப்பை அவளிடம் கொடுத்தால் வருவாள் என்பது ஜெயந்தியின் கணக்கு.

“அதற்கு ஒரு செடி வைத்தால் போதாதா?” என்றேன். அவர் தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“செடியத் தொட்டியோட தூக்கி உள்ள வச்சிடுவாரு மேடம். தண்ணி ரொப்பின கண்ணாடித் தொட்டிய எந்த பீரோவுல வச்சு பூட்டுவாரு?”

வல்லுநர் கருத்து

வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து நாலு தங்க மீன்கள் வந்தன. வேறு எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் பிள்ளைகள் “ஐ, அழகா இருக்கே” என்றிருப்பார்கள். இங்கே ஒருவன் தொட்டியைச் சுற்றி வந்து பெரிய மீனின் செவுளைக் குனிந்து பார்த்தான். இன்னொருவன் ஏலம் கூற ஆரம்பித்தான். கேட்க ஆளில்லாததால் அவனே விலையை இறக்கிக்கொண்டு போனான். ஸ்டெல்லா மட்டும் கடைசியில் நின்று, வால் எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தீனி டப்பா தன் கைக்கு வந்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள். வகுப்பில் மற்றவர்கள் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறவில்லை. ஏலம் விட்டவன் என்னிடம் வருத்தத்தோடு சொன்னான்:

“இன்னா மிஸ், இத்துனூண்டு கீது. கொழம்புக்கும் ஆவாது, வறுக்கவும் ஆவாது. தெரியாம வாங்கிட்டீங்க.”

ஐஸ்

ஏப்ரல் வெயிலில் ஒருநாள் மின்சாரம் போனது. தொட்டியில் காற்றுக் குமிழ் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஜெயந்தி அலுவலக அறையில் இருந்தார். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு, மீன் வாடினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டெல்லா ஓடிப்போய் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் வண்டிக்காரரிடம் ஒரு கூடை உடைத்த ஐஸ் வாங்கிவந்தாள். வகுப்பே சேர்ந்து அள்ளிக் கொட்டியது.

நாலில் மூன்று மிதந்தன. ஒன்று மட்டும் மூலையில் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்து, பீரோ பீரோதான் மேடம் என்றார். ஸ்டெல்லா அன்று மதியம் போனவள், அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. போவதற்கு முன் ஜெயந்தியிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“செத்த மீனே ஐஸ்ல போட்டா கெடாம கீது மிஸ். உசுரோட கீறத போட்டா இன்னும் ஷோக்கா இருக்கும்னு நெனச்சேன்.”

துக்கம் விசாரிப்பு

நானும் ஜெயந்தியும் துறைமுகத்துக்குப் போனோம். ஸ்டெல்லாவின் அம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லா, தலையைத் தூக்காமல் கூடை மேல் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மீன் போனதற்கு யாரும் திட்டவில்லை, அவள் பள்ளிக்கு வரவேண்டும் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவள் சாக்கின் அடுத்த முனையை இழுத்துவிட்டாள். பிறகு ஜெயந்தி, “ஒண்ணு பொழச்சிருக்கு ஸ்டெல்லா” என்றார்.

“யாரு தீனி போட்றது?”

“யாரும் போடல. டப்பா எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்.”

அவள் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “யம்மா, நான் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“இட்னு போங்கம்மா. என் கூடையில பூரா செத்த மீனுதான், ஒருநாளும் யாரும் வந்து துக்கம் கேட்டதில்ல.”

கை கழுவும் சட்டம்

ஜூலையில் கடைசிப் பார்வைக்குப் போனேன். ஸ்டெல்லாவின் வகுப்பு எட்டாம் வகுப்பு ஆகிவிட்டது; தொட்டியும் அவர்களோடு அந்த அறைக்கு வந்துவிட்டது. அதில் பிழைத்த மீனும், ஸ்டெல்லா பார்த்துப் பொறுக்கிய இரண்டு புது மீன்களும் இருந்தன. சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு அட்டை: ‘ஐஸ் போடக்கூடாது.’ இப்போது தீனி போட முறை வைத்திருக்கிறார்கள். முறை யாருடையதானாலும் டப்பா ஸ்டெல்லாவிடம்தான்.

அன்று முறை, மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு. அவள் ஆசையாகக் கையை நீட்டினாள். ஸ்டெல்லா டப்பாவைத் திறக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் சொல்வதுபோல் சொன்னாள்:

“பவுடர் நாத்தம் அடிக்குது. மீனுக்கு ஒத்துக்காது, போய் கழுவிகினு வா.”

நிதி கேட்டு வரும் ஆசிரியர்களிடம் நான் இப்போதெல்லாம் நோக்கம், பயன் எதையும் முதலில் கேட்பதில்லை. கேட்கும் பொருள் பீரோவுக்குள் நுழையுமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.