தாராவியில் கொடுத்த ஒற்றைச் சப்பாத்து

மும்பையிலிருந்து கொங்கண் கடற்கரை வழியாகக் கோவாவுக்கு ஏழு நாள் மோட்டார் சைக்கிள் பயணம். பன்னிரண்டு பேர் குழுவில் மலேசியாவிலிருந்து நான் ஒருவன்தான். இதற்காக மூன்று வருடம் விடுமுறையையும் பணத்தையும் சேர்த்தேன். ஞாயிறு காலை கிளம்பும் பயணத்துக்கு, இந்த பிப்ரவரியில், வியாழக்கிழமையே போய் இறங்கிவிட்டேன். முன்னதாகப் போனால் ஊரைப் பார்க்கலாம். யாராவது ஏமாற்றினாலும் சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கும். இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டு, காலை பத்து மணிக்கு வெளியே வந்தேன். ஈப்போ கோப்பிக் கடை நண்பர்கள் சொல்லி அனுப்பியதெல்லாம் தலைக்குள் ஓடியது. டாக்சிக்காரன் சுற்றுவான், விடுதிக்காரன் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, வாங்கி வைத்துக்கொள்வான், தமிழ் பேசி நெருங்குகிறவனை மட்டும் நம்பவே நம்பாதே. விடுதி இருந்த மாட்டுங்காவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், ஐந்நூற்று இருபது ரூபாய். ஓட்டுநர் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே திரும்பியபோது, "மேலே, மேலே" என்று கையைக் காட்டினேன். "டிராஃபிக், சாப்" என்றார். நிமிர்ந்து பார்த்தால் மேலே வண்டிகள் அசையாமல் நின்றன. இருந்தாலும் இறங்கியதும் வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மாட்டுங்காவில் இட்லியும் காப்பியும் நூற்றுப் பத்து ரூபாய். நன்றாகத்தான் இருந்தது. பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்ததைத் தவிர வேறு சிரமமில்லை.

சிக்கல் விடுதி அறையில் தொடங்கியது. பயணத்துக்கென்று கொண்டுவந்த சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்தேன். ஷூவுக்கு எங்கள் ஊரில் சப்பாத்து என்றுதான் பெயர். இது கணுக்கால் மூடும் தடித்த தோல் சப்பாத்து. நாலாவது அடியிலேயே வலது காலின் அடிப்பாகம் பாதி கழன்று தொங்கியது. குழு அனுப்பிய விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: நல்ல சப்பாத்து இல்லாதவர்களுக்கு வண்டி கிடையாது, சாமான் வேனில் உட்கார்ந்து வரலாம். என் கால் அளவு பதின்மூன்று. ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் பதினொன்றுக்கு மேல் இல்லை.

தோல் வேலை என்றால் தாராவிக்குப் போங்கள், இரண்டு கிலோமீட்டர்தான் என்றார் விடுதி மேலாளர். இவருக்கு அங்கே கமிஷன் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே போனேன். வலது சப்பாத்தை மட்டும் பையில் எடுத்துக்கொண்டேன். ஜோடியாகக் கொடுத்தால் விற்றுவிடலாம், ஒற்றைச் சப்பாத்தை எவன் வாங்குவான்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், தோல் பை தைக்கும் பட்டறை. செல்வராஜ் என்பவர் சப்பாத்தை வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"தையலுக்கு ஒண்ணும் ஆவல அண்ணாச்சி. பசை செத்துட்டு. ரொம்ப நாளு போடாம வச்சிருந்தியளோ?"

ஆறு வருடமாக அலமாரியில் இருந்தது. எப்படித் தெரியும் இவருக்கு?

"மத்தது எங்க?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டுக்கும் ஒரே வயசுதான? அதையும் கொண்டாங்க, சேத்தே ஒட்டித் தாரேன். பைசா ஜாஸ்தி ஆவாது."

ஜாஸ்தி ஆகாது என்றதுமே எனக்கு உறுதியாகிவிட்டது. ஜோடி சேர்க்கப் பார்க்கிறார். வேண்டாம் என்றேன். முந்நூற்றைம்பது ரூபாய், சனிக்கிழமை நாலு மணி. அட்டைத் துண்டில் கைப்பேசி எண் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை செம்பூரில் வண்டிகளைப் பார்க்கப் போனேன். கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி வடாலாவில் மாற வேண்டும், பத்து ரூபாய். எனக்கு ஒதுக்கிய வண்டியின் கீறல்களை இருபத்தேழு படம் எடுத்துக்கொண்டேன், பிறகு என் தலையில் கட்டிவிடக் கூடாதே.

சனிக்கிழமை மதியம் அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சப்பாத்து ரெடியாச்சா மா?"

"எத்தன வேணும்?"

"எத்தனையா? ஒண்ணுதான்!"

"ஒண்ணுக்கு எவ அடுப்பு பத்த வப்பா? இருவதுக்குக் கொறஞ்சி கெடையாது."

இருபது என்றால் இருபதாயிரமா? அடுப்பு எதற்கு, எரித்துவிடுவார்களா? "நான் குடுத்ததத் திருப்பிக் குடுத்திருங்க மா" என்றேன்.

"இங்க யாரும் குடுத்துட்டுப் போவ மாட்டாவ, வாங்கிட்டுத்தான் போவாவ" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

டாக்சி பிடித்துப் பறந்தேன். பட்டறை வாசலில் நின்று, "என் சப்பாத்து எங்க?" என்று கத்தினேன். சந்தே திரும்பிப் பார்த்தது. செல்வராஜ் உள்ளேயிருந்து சப்பாத்தைக் கொண்டுவந்து நீட்டினார். காலையிலேயே முடித்து, பாலிஷும் போட்டு வைத்திருந்தார். பின்னாலேயே மாவுக் கையோடு அவர் மனைவி ஜெபக்கனி வந்தார். ஆண்டாப் ஹில் பக்கத்துப் பட்டறைகளுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுப்பவர். வீட்டில் இருவருக்கும் ஒரே கைப்பேசி.

"ஏட்டி, இவரு ஷூவத்தான் சப்பாத்துங்காரு!"

ஜெபக்கனி சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கிளம்பும்போது ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். "ரோட்டுல பசிச்சா தின்னுங்க." அதற்குக் காசு வாங்கவில்லை. பொட்டலம் கனமாக இருந்தது; அதையும் சந்தேகப்பட்டேன்.

"மத்தது கொண்டாந்தியளா?" என்றார் செல்வராஜ். "இன்னும் டைம் இருக்கு அண்ணாச்சி, போயி எடுத்துட்டு வாங்க."

"பார்ப்போம்" என்றேன். அவ்வளவு நடந்த பிறகும் மனம் ஒப்பவில்லை. போகவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, செம்பூரில் குழுத் தலைவர் ஒவ்வொருவர் சப்பாத்தையும் கையால் வளைத்துச் சோதித்தார். என் வலது கால் இம்மியும் அசையவில்லை. இடது காலை வளைத்ததும் அடிப்பாகம் முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்தது. வேனைக் காட்டினார்.

இதே மாதிரிப் பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு: நாள்பட்ட சப்பாத்தை ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பாருங்கள். தங்க மாட்டுங்கா வசதி. தோல் வேலைக்குத் தாராவி. கொடுக்கும்போது இரண்டு காலையும் கொடுங்கள்.

மூன்று வருடம் காத்திருந்த சாலையை முதல் நாள் முழுக்க வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். முன்னால் என் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். பன்வேல் தாண்டியதும் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, பழக்கதோஷத்தில் எண்ணினேன்.

இருபது இருந்தது.